எட்டாவது குழியில் சம்பந்தியின் பந்து

எங்கள் பக்கம் இரண்டு சம்பந்திகள் ஒரே நேரத்தில் ஒரு வாசற்படிக்கு வந்து நின்றுவிட்டால், அந்த வாசலை அரை மணி நேரத்துக்கு வேறு யாரும் பயன்படுத்த முடியாது. "நீங்க முன்னாடி போங்க" என்பார் இவர். "அதெப்படி, நீங்க போங்க" என்பார் அவர். இவர் அவருடைய முழங்கையைப் பிடித்து உள்ளே தள்ளுவார். அவர் நிலையைப் பிடித்துக்கொண்டு நகர மறுப்பார். உள்ளே இலையில் ஊற்றிய சாம்பார் ஆறிக்கொண்டிருக்கும். இதற்கு மரியாதை என்று பெயர். இந்த மரியாதையில் நான் கொஞ்சம் கூடுதலாகவே தேறியவன். (என் மனைவி மரகதம் இதற்கு வேறு ஒரு பெயர் வைத்திருக்கிறாள். அச்சில் போட முடியாது.)

இப்படித் தேறிய ஒருவன் செய்யவே கூடாத காரியம் ஒன்று உண்டென்றால், அது சம்பந்தியாகப் போகிறவரோடு கோல்ஃப் ஆடுவது. நான் ஆடினேன்.

மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் இயற்பியல் வாத்தியாராக இருந்து நான் ஓய்வு பெற்றிருந்த சமயம் அது. கோயம்புத்தூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என் மகள் கயல், கூட வேலை பார்க்கும் அருண் என்ற பையனைப் பிடித்திருக்கிறது என்று சொன்னாள். பையன் குடும்பமும் எங்களைப் போலவே மதுரையில்தான் இருந்தது. எங்களுக்கு மறுப்பில்லை. பையனுடைய அம்மாவுக்கும் மறுப்பில்லை. அப்பா சொக்கலிங்கம் மட்டும் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "பொண்ணோட அப்பாவை ஒருதடவை பாத்துப் பழகணும்" என்று மட்டும் சொன்னாராம். கயல் அதற்குப் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை என்று விடுதித் தோழி மரகதத்திடம் சொல்லியிருக்கிறாள். ஆக, என் பெண்ணின் கல்யாணம் என் நடத்தையில் வந்து நின்றது.

அந்தச் சொக்கலிங்கம் அரசாங்க என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். தன்னைப் போல ஓய்வு பெற்ற சிலரோடு சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கோல்ஃப் ஆடுகிறவர். ஒரு நாள் அவரே போன் செய்தார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை எங்க சீனியர் குரூப்ல ஒரு ஃபிரெண்ட்லி மேட்ச் சார். நாலு நாலு பேரா டீம். நீங்க நம்ம டீம்ல ஆடுங்க. ஒரு காலைப் பொழுது கூட நடந்தா ஆளு தெரிஞ்சிரும்."

"எனக்கு கோல்ஃப் தெரியாதே சார்."

"தெரியாட்டி என்ன. இது ஸ்கிராம்பிள். நாலு பேரும் ஆளுக்கு ஒரு பந்து அடிப்போம். எது நல்ல இடத்துல கிடக்கோ அதை மட்டும் எடுத்துக்கிட்டு மத்த மூணையும் விட்டுருவோம். அடுத்த அடியை நாலு பேரும் அந்த இடத்துல இருந்துதான் அடிக்கணும். குழிக்குள்ள விழற வரைக்கும் இப்படியே. அதனால நீங்க எம்புட்டு மோசமா அடிச்சாலும் டீமுக்கு ஒரு நட்டமும் இல்லை."

இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்னதற்காக அவர் இன்றுவரை வருத்தப்படுகிறார்.

எனக்கு இரண்டு புத்திமதிகள் வந்தன. ஒன்று கயலிடமிருந்து. "அப்பா, இயல்பா இருங்க. ரொம்பக் குழையாதீங்க. குழையுறவங்களைக் கண்டா அவருக்கு ஆகாதுன்னு அருண் சொன்னான்." இன்னொன்று மரகதத்திடமிருந்து. "அவங்க பக்கம் என்ன சொன்னாலும் சரின்னுட்டு வாங்க. எதுத்து ஒரு வார்த்தை பேசிராதீக. நம்ம பிள்ளை வாழப்போற வீடு." இரண்டையும் ஒரே ஆள் கடைப்பிடிக்க முடியாது என்பது எனக்குப் புரிந்தது. மகள் சொல்வதைக் கேட்பது நேற்று வந்த பழக்கம். மனைவி சொல்வதைக் கேட்பது முப்பது வருடப் பழக்கம். பழக்கமே ஜெயித்தது.

அந்த வாரம் முழுக்க மொட்டை மாடியில் குடைக் கைப்பிடியால் எலுமிச்சம்பழங்களை அடித்துப் பயிற்சி எடுத்தேன். எறியப்பட்ட பொருள் எந்தப் பாதையில் போகும் என்பதைப் பணிக்காலம் முழுவதும் கரும்பலகையில் வரைந்து காட்டியவன் நான். எலுமிச்சம்பழங்கள் அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை. இரண்டு பழங்கள் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் போயின. மீதியை மரகதம் ஊறுகாய்க்கென்று பறிமுதல் செய்துவிட்டாள்.

மரகதத்தின் தம்பி முருகேசன் அலங்காநல்லூரில் விவசாயம் பார்க்கிறான். விஷயத்தைக் கேள்விப்பட்டதும் அவனாகவே டீமில் சேர்ந்துகொண்டான். "அவங்க பக்கத்துல மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் ஆடுறாராம்ல. அப்ப நம்ம பக்கமும் பொண்ணுக்குத் தாய்மாமன் நிக்கணும்ல மச்சான்" என்றான். அதில் தர்க்கம் இருப்பதாகவே எனக்கும் பட்டது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியவன் பின்னால் ஒரு முழு வாழைத்தாரைக் கட்டியிருந்தான்.

"இது என்னத்துக்கு மாப்ள?"

"சம்பந்தம் பேசப் போறோம். வெறுங்கையோடவா போறது?"

கோல்ஃப் மைதானம் நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே இருந்தது. வெளிநாட்டில் சம்பாதித்துத் திரும்பிய ஒருவர், கடலை போட்டுப் பார்த்து மழை ஏமாற்றியதும், அந்தக் காட்டிலேயே ஒன்பது குழிகளை வெட்டிக் கொடி நட்டுவிட்டார். புல் என்பது இருந்தால் இருந்தது. குழியைச் சுற்றிப் பச்சைப் புல்லுக்குப் பதிலாக எண்ணெய் கலந்த மணலைப் பரப்பியிருந்தார்கள். நடுவில் மயில்கள் திரிந்தன. ஓரங்களில் சீமைக் கருவேலம். எட்டாவது குழிக்குப் பக்கத்தில் பங்குனி மாதத்தில் பாதி வற்றிய ஒரு கண்மாய், அதன் சேற்றில் எருமைகள்.

சொக்கலிங்கம் ஒல்லியாக, அமைதியாக இருந்தார். எங்களுக்கு மட்டைகளைக் கொடுத்து எப்படிப் பிடிப்பது என்று காட்டினார். வாழைத்தாரைப் பார்த்து ஒன்றும் கேட்காமல் மட்டை வைக்கும் தள்ளுவண்டியில் அதற்கும் இடம் ஒதுக்கினார். எனக்கு அவரை உடனே பிடித்துப் போயிற்று. அவர் பக்கத்தில் அவர் மனைவியின் அண்ணன் பாண்டி நின்றார். அருணுடைய தாய்மாமன். பரவை மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருப்பவர். விசேஷ வீட்டில் தாய்மாமனுக்கு விழ வேண்டிய மாலை அடுத்தவர் கழுத்தில் விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படி ஒன்று ஆகிவிடாமல் எப்போதும் கண்காணித்துக்கொண்டே இருக்கிற முகம் அவருக்கு.

கொட்டகைக்குள் ஒரு மேஜை மேல் புது எவர்சில்வர் குடம் ஒன்று, கழுத்தில் மல்லிகைச் சரத்தோடு இருந்தது. அதைப் பார்த்ததும் சொக்கலிங்கத்தின் குரல் மாறியது.

"எட்டாவது குழியை ரெண்டே அடியில முடிக்கிற டீமுக்கு அந்தக் குடம் சார். மேட்ச்ல கடைசியா வந்தாலும் குடம் குடம்தான். பக்கத்துல கண்மா இருக்கிறதால எல்லாருக்கும் கை நடுங்கிரும். வருஷா வருஷம் முயற்சி பண்றேன். நான் வெறுங்கையோட வீட்டுக்குப் போனா, அருண் அம்மா நமக்கு இதுதான்னு பிளாஸ்டிக் குடத்தை எடுத்து என் முன்னாடி வச்சுட்டுப் போவா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆனால் அந்தக் குடம் அவருக்கு விளையாட்டுப் பொருளாக இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

முதல் குழி. சொக்கலிங்கம் அடித்தார். பந்து கூப்பிடு தூரம் பறந்து நட்ட நடுவில் போய் உட்கார்ந்தது. பாண்டி அண்ணன் அடித்தது கொஞ்ச தூரம் ஓடிக் கறையான் புற்று ஒன்றில் மோதி நின்றது. முருகேசன் கட்டை பிளக்கிற மாதிரி ஓங்கி அடித்தான். பந்து கருவேலங்காட்டுக்குள் போனது, உள்ளேயிருந்து ஒரு மயில் வெளியே வந்தது. நான் இரண்டு முறை காற்றை அடித்தேன். மூன்றாவது முறை பந்து மனமிரங்கி வீட்டுத் திண்ணையிலிருந்து தெருவுக்கு உருளுகிற அளவு தூரம் உருண்டது.

சொக்கலிங்கம் கொஞ்சம் யோசித்தார். "முதக் குழிக்கு சார் பந்தையே எடுத்துக்குவோம். ஒவ்வொருத்தரோட முதல் அடியையும் ஒரு குழிக்காவது எடுத்தே ஆகணும்னு ரூல் இருக்கு. இல்லாட்டி டீமையே கணக்குல சேக்க மாட்டாங்க. உங்களுதை இங்கயே முடிச்சிருவோம்."

எவ்வளவு கெட்டிக்கார மனிதர். கணக்காகவும் ஆயிற்று, விருந்தாளிக்கு மரியாதையாகவும் ஆயிற்று. நான் "சரி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது.

"ஐயய்யோ, அதெப்படி சார். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பந்து இருக்கிறப்ப என் பந்தா?"

"ரூலுக்காகத்தான் சார்."

"ரூல் கிடக்கட்டும் சார். நல்லா இருக்காது."

"இல்ல சார், நீங்க விருந்தாளி."

"நீங்க அப்படிச் சொல்லப்படாது."

வாசற்படி இல்லாத அந்தப் பொட்டலில் நாங்கள் வாசற்படி நாடகத்தை முழுசாக ஆடினோம். அவர் களைத்துப் போய், "அப்ப ஒண்ணு செய்வோம், என் மச்சான் பந்து" என்றார்.

"அதுதான் சார் முறை. தாய்மாமன் பந்து" என்றேன் நான்.

முறை என்ற அந்த வார்த்தையை நான் விட்டிருக்கக்கூடாது. பாண்டி அண்ணனின் முகம் மலர்ந்தது. அதுவரை கோல்ஃபில் தனக்கு இப்படி ஓர் உரிமை இருப்பது அவருக்கே தெரியாது. இரண்டாவது குழியில் எல்லோரும் அடித்து முடித்ததும், அவர் யாரையும் கேட்காமல் தன் பந்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். பந்து ஒரு பள்ளத்துக்குள் கிடந்தது. சொக்கலிங்கத்தின் பந்து நடுவில் பளிச்சென்று கிடந்தது. மனைவியின் அண்ணனை எதிர்த்துப் பேசும் வழக்கம் சொக்கலிங்கத்துக்கு இல்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் பள்ளத்தைப் பார்த்து, "நல்ல இடம்" என்றேன்.

மூன்றாவது குழியில் முருகேசனுக்குப் பொறுக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தனியாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி பேசினான்.

"அவங்க தாய்மாமன் பந்துக்கு இம்புட்டு மரியாதை. பொண்ணுக்குத் தாய்மாமன் நான் இருக்கேன். என் பந்து என்ன ஆகாத பந்தா மச்சான்?"

இப்போது சொக்கலிங்கத்துக்குச் சங்கடமாகிவிட்டது. "அவர் சொல்றதும் நியாயந்தான்" என்றார். அதிலிருந்து ஒரு ஏற்பாடு உண்டாயிற்று. ஒரு அடி மாப்பிள்ளை பக்கத்துத் தாய்மாமன் பந்து, அடுத்த அடி பெண் பக்கத்துத் தாய்மாமன் பந்து. அதாவது புற்றிலிருந்து கருவேலம், கருவேலத்திலிருந்து புற்று. நாங்கள் கொடியை நோக்கிப் போனதாகச் சொல்ல முடியாது. அதைச் சுற்றி வந்தோம். அவ்வளவு தூரம் நேராக நடந்திருந்தால் சோழவந்தானுக்கே போயிருக்கலாம்.

பின்னால் வந்த டீம்கள் காத்திருந்து பார்த்துவிட்டு, "முன்னாடி போகட்டுமா சார்?" என்று கேட்டன. கேட்க வேண்டுமா. "தாராளமாப் போங்க, நீங்கதான் முதல்ல போகணும்" என்று ஒவ்வொரு டீமுக்கும் நான் வழிவிட்டேன். முருகேசன் ஆளுக்கு இரண்டு பழம் கொடுத்து அனுப்பினான். அந்தக் காலையில் எங்கள் டீமைத் தாண்டிப் போகாதவர்கள் யாரும் இல்லை. எங்களிடம் பழம் வாங்காதவர்களும் இல்லை.

இதற்கிடையில் ஒவ்வொரு குழியிலும் ஒரே காட்சி நடந்துகொண்டிருந்தது. சொக்கலிங்கம் அடித்த பந்து நடுவில் நல்ல இடத்தில் கிடக்கும். யாரும் அதைச் சீண்ட மாட்டார்கள். அவர் தானே நடந்து போய், குனிந்து அதை எடுத்து, சட்டையில் துடைத்து, பையில் போட்டுக்கொண்டு திரும்பி வருவார். நான் அதைப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் பார்த்தேன். இந்த மனுஷன் எவ்வளவு பொறுமைசாலி, இந்த வீட்டில் என் பெண் நன்றாக இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அவர் என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

எட்டாவது குழிக்கு வந்தோம். தூரம் குறைவான குழி. இங்கிருந்து பார்த்தாலே கொடி தெரியும். ஒரு பக்கம் முழுக்கக் கண்மாய். முன்னால் போன டீம்கள் எதுவும் இரண்டு அடியில் முடிக்கவில்லை என்று கொட்டகையிலிருந்து செய்தி வந்திருந்தது. குடம் இன்னும் மேஜை மேலேயே இருந்தது.

சொக்கலிங்கம் என்னிடம் சொன்னார். "இன்னும் ரெண்டு குழிதான். நம்ம ரெண்டு பேர் முதல் அடியைத்தான் இன்னும் எடுக்கல சார். இங்க ஒருத்தருது, ஒன்பதாவதுல ஒருத்தருது."

முதலில் பாண்டி அண்ணனும் முருகேசனும் அடித்தார்கள். பிறகு நான். என் பந்து நேராகக் கண்மாய்ச் சேற்றுக்குள் போய், ஓர் எருமையின் அருகே சொருகி நின்றது. எருமை அதை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

கடைசியாகச் சொக்கலிங்கம். ரொம்ப நேரம் நின்று கொடியைப் பார்த்தார். அடித்தார். பந்து மேலே போய், நான் கரும்பலகையில் வரைந்த அதே வளைவில் இறங்கி, மணலில் விழுந்து, கோடு கிழித்துக்கொண்டே ஓடி, குழிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. இன்னும் ஒரே ஒரு தட்டு. குழந்தைகூடத் தட்டிவிடும். நானேகூடத் தட்டிவிடலாம். குடம் அவருடையது.

அப்போது பாண்டி அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"மாப்ள, இந்தக் குழிக்கு வாத்தியார் பந்தை எடுத்துருவோம். நீரு நம்ம டீமுக்குத் தலைவரு. உம்ம பந்தைக் கடைசிக் குழியில எடுத்துக் கவுரவமா முடிக்கிறதுதான் முறை."

"குடம் இருக்கே மச்சான்" என்றார் சொக்கலிங்கம், மெதுவாக.

"குடம் கிடக்குது. நம்ம வீட்ல இல்லாத குடமா?"

சொக்கலிங்கம் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். மனைவியின் அண்ணனை அவரால் மறுக்க முடியாது. நான் மறுக்கலாம். "உங்க பந்து சார்" என்று நான் சொன்னால் போதும். முதல் குழியில் சொல்லக்கூடாத இடத்தில் அதற்குத்தான் ஒற்றைக் காலில் நின்றேன். இப்போது சொல்ல வேண்டிய இடம் வந்தபோது என் காதுக்குள் மரகதத்தின் குரல் கேட்டது. எதுத்து ஒரு வார்த்தை பேசிராதீக.

"அண்ணன் சொல்றதுதான் சார் சரி" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். போய், குழிக்கு ஒரு சாண் தூரத்திலிருந்த பந்தைக் குனிந்து எடுத்தார். இந்த முறை துடைக்கவில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விதிப்படி நாங்கள் நால்வரும் சேற்றுக்குள் இறங்கி அங்கிருந்து அடிக்க வேண்டும். இறங்கினோம். முருகேசன் ஓங்கி அடித்ததில் பந்து அசையவில்லை, சேறு மட்டும் கிளம்பி மூன்று பேருடைய வெள்ளைச் சட்டையிலும் சமமாகப் பங்கிட்டு விழுந்தது. என் ஒரு செருப்பு இன்றும் அந்தக் கண்மாய்க்குள்தான் இருக்கிறது. எப்படியோ கரையேறி, எத்தனையாவது அடியிலோ குழிக்குள் பந்தைத் தள்ளினோம்.

சொக்கலிங்கம் கரையில் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் உட்காரச் சொல்லி எனக்குக் கைகாட்டினார். மற்ற இருவரும் குழாயில் கால் கழுவப் போயிருந்தார்கள்.

"சார், தப்பா நினைக்காதீங்க. ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க சார்."

"உங்க பொண்ணும் இப்படித்தானா?"

"எப்படி சார்?"

"மனசுல ஒண்ணை வச்சுக்கிட்டு வாயில வேற ஒண்ணைச் சொல்லுமா? என் பந்து நல்லா இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும். முதக் குழியில இருந்தே தெரியும். ஒரு தடவைகூடச் சொல்லல. எங்க வீட்ல நாங்க எல்லாருமே இப்படித்தான் சார். நான், என் பையன், எல்லாரும். ஒரு சோபா வாங்க ஒரு வருஷம் ஆச்சு. ஆளாளுக்கு உன் இஷ்டம், உன் இஷ்டம்னு சொல்லி, கடைசியில யாருக்கும் பிடிக்காத சோபா ஒண்ணு வீட்ல கிடக்கு. வர்ற பொண்ணும் அப்படின்னா என் பையன் பாடு என்னாகும்? அதுக்குத்தான் உங்களைப் பாத்துப் பழகணும்னேன்."

மரியாதை மரியாதை என்று நான் காலையிலிருந்து அடுக்கிக்கொண்டு வந்ததெல்லாம் என் பெண்ணுக்கு எதிரான சாட்சியாகப் போய் நின்றிருக்கிறது. பயமாக இருந்தது. அந்தப் பயத்துக்குப் பின்னாலேயே கோபமும் வந்தது. அவர் மேல் அல்ல. கயல் எப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரியாதா. என் பாடம் தூக்கம் வருகிறது என்று என் வகுப்பிலேயே எழுந்து நின்று சொன்னவள் அவள்.

"என் பொண்ணு அப்படி இல்லை சார். அவ மூஞ்சிக்கு நேராச் சொல்லிருவா. நான்தான் இப்படி."

"அப்பனைப் பாத்துத்தானே சார் பிள்ளை" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

ஒன்பதாவது குழி. மனசு ஆறாமல் அடித்ததாலோ என்னவோ, சொக்கலிங்கத்தின் பந்து அன்று முதல் முறையாகத் திரும்பிக் கருவேல முள்ளுக்குள் போனது. பாண்டி அண்ணனுடையது வேலி தாண்டிப் பக்கத்துத் தோட்டத்தில் விழுந்தது. முருகேசனுடையது மேலே போனதைப் பார்த்தோம், கீழே வந்ததைப் பார்க்கவில்லை. நான் ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் சேற்றோடும் போய் நின்றேன். எப்படிப் பிடிப்பது, எப்படி நிற்பது என்ற யோசனையெல்லாம் ஓடவில்லை. கயலின் முகம்தான் ஓடியது. ஓங்கி ஒரு போடு போட்டேன்.

பந்து பறந்தது. பாடப் புத்தகத்தில் இருக்கிற மாதிரி பறந்து, நட்ட நடுவில் போய் விழுந்தது.

சொக்கலிங்கம் வழக்கம் போல முள்ளுக்குள் இருக்கும் தன் பந்தை நோக்கி நடக்க ஆரம்பித்தார். விதிப்படி இந்தக் குழிக்கு அவருடைய முதல் அடியைத்தான் எடுத்தாக வேண்டும்.

"சார், நில்லுங்க" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "உங்க பந்து மோசம். முள்ளுக்குள்ள கிடக்கு. பாண்டி அண்ணன் பந்து அதைவிட மோசம். முருகேசன் பந்து எங்க இருக்குன்னு அவனுக்கே தெரியாது. என் பந்துதான் நல்லா இருக்கு. அதைத்தான் எடுக்கணும்."

"என் பந்தை எடுக்காட்டி டீமையே கணக்குல சேக்க மாட்டாங்க சார். ரூல் ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு. ஆனா உங்க பந்து மோசம் சார்."

காலை முழுக்க உண்மையைச் சொல்ல எத்தனையோ சந்தர்ப்பங்கள் கிடைத்தன. சொன்னால் டீமே கெட்டுப்போகும் என்கிற ஒரே ஒரு சந்தர்ப்பத்தைப் பார்த்து நான் உண்மையைச் சொல்லியிருந்தேன். சொக்கலிங்கம் திரும்பி வந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். மட்டையை ஊன்றிக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"உங்க பொண்ணு இந்த மாதிரி பேசுமா? இப்பப் பேசுனீங்களே, இந்த மாதிரி?"

"இதைவிட மோசமாப் பேசும் சார்."

"அப்பச் சரி" என்றார். "வாங்க, உங்க பந்துலயே அடிப்போம்."

எங்கள் டீம் கணக்கில் சேர்க்கப்படவில்லை. கணக்கு எழுதிய டாக்டர் ஒருவர், அந்தக் குரூப்பிலேயே நன்றாக ஆடுகிற சொக்கலிங்கத்தின் முதல் அடி ஒன்பது குழியில் ஒரு தடவைகூட எடுக்கப்படவில்லை என்பதை நம்ப முடியாமல் என்னிடமே இரண்டு முறை கேட்டார். பாண்டி அண்ணன் கொட்டகையில் எங்களோடு பொங்கல் சாப்பிட உட்காரவில்லை. தாய்மாமன் பந்தை மோசம் என்று சொல்லிவிட்டேனாம். முருகேசன் அவரிடம் போய், "உங்களுக்குன்னு ஒரு சீப்பு எடுத்து வச்சேண்ணே" என்று கடைசிச் சீப்பை நீட்டிய பிறகுதான் அவர் என் பக்கம் திரும்பினார். அப்போதும் பழத்தை முருகேசன் கையிலிருந்து வாங்கினாரே தவிர என்னோடு பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மரகதம் என் சட்டையையும் ஒற்றைச் செருப்பையும் பார்த்தாள்.

"எதுத்து ஒண்ணும் பேசலைல்ல?"

"பேசிட்டேன்."

"என்ன பேசினீக?"

"உங்க பந்து மோசம்னு சொன்னேன்."

"ஆருகிட்ட?"

"எல்லார்கிட்டயும்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் அருணின் அம்மா போன் செய்து, நிச்சயதார்த்தத்தை வைகாசியில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்ட பிறகுதான் எழுந்தாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. சீர்வரிசையில் மரகதம் பெரிய எவர்சில்வர் குடம் ஒன்றை வைத்தாள். சொக்கலிங்கம் அதை மட்டும் தனியாக எடுத்து எங்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இது வேண்டாம் சம்பந்தி. ஜெயிச்சுத்தான் எடுப்பேன்" என்றார். இன்னும் ஜெயிக்கவில்லை. வருடா வருடம் போகிறார், வருடா வருடம் அருணின் அம்மா பிளாஸ்டிக் குடத்தை எடுத்து முன்னால் வைக்கிறாள்.

ஆனால் அதற்குப் பிறகு இரண்டு வீட்டிலும் எந்த முடிவுக்கும் அதிக நேரம் ஆவதில்லை. எந்த ஊருக்குப் போவது, எந்தக் கடையில் ஜவுளி எடுப்பது என்று யாராவது "உங்க இஷ்டம்" என்று இழுத்தால், கயல் நடுவில் வந்து, "யாரு பந்து நல்லா இருக்கு? நேராச் சொல்லுங்க" என்பாள். சோபாவை அவள் வந்த முதல் மாதமே மாற்றிவிட்டாள். அவளுடைய அலுவலகத்தில்கூட இந்தக் கேள்வி பரவிவிட்டதாகக் கேள்வி. கோயம்புத்தூர்க்காரர்களுக்கு அதன் பின்னால் இருக்கும் கண்மாய்ச் சேறு தெரிய நியாயமில்லை.

சென்ற வருடம் பேத்திக்குப் பெயர் வைக்கும் நாள். எல்லோரும் மனசுக்குள் ஆளுக்கு ஒரு பெயரோடு வந்திருந்தோம். தொட்டிலைச் சுற்றி நின்றபோது பழைய வியாதி திரும்பிவிட்டது. "நீங்க சொல்லுங்க சம்பந்தி" என்றேன் நான். "நீங்க சொல்லுங்க" என்றார் அவர். பாண்டி அண்ணன், தாய்மாமன் வழியில் தனக்கும் ஒரு பாத்தியதை உண்டு என்று நினைவூட்டினார். கயல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

"மூணு பேரும் பேரைச் சொல்லுங்க. அப்புறம் யாரு பந்துன்னு பாப்போம்."

சொன்னோம். என் பெயர் இயற்பியல் புத்தகத்திலிருந்து எடுத்தது, வாயில் நுழையவில்லை. பாண்டி அண்ணன் சொன்ன பெயரில் குழந்தையைவிட குலதெய்வம்தான் அதிகம் இருந்தது. சொக்கலிங்கம் கடைசியாக, தயங்கித் தயங்கி, "மீனா" என்றார். அவ்வளவுதான். இரண்டே எழுத்து.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாண்டி அண்ணன் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"என்னுது கண்மாய்க்குள்ள கிடக்கு. பாண்டி அண்ணனுது முள்ளுக்குள்ள கிடக்கு. சம்பந்தியுது குழிக்கு ஒரு சாண்ல நிக்குது. அதையே வைங்க."

சொக்கலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குனிந்து, குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொன்னார். நிமிர்ந்து என் பக்கம் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா குடமும் கிடைச்சிருக்கும் சம்பந்தி."